ஞாயிறு வரை தாங்குமா: ஏற்காட்டுப் பெட்டிக்கு எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்

அடிவாரம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு எண் எழுதியிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவும் எண்ணி முடித்தால் ஏற்காடு. அங்கிருந்து நாகலூர் பக்கம் இன்னும் கொஞ்சம் போனால் என் தாய்மாமாவின் காப்பித் தோட்டம். அம்மாப்பேட்டையில் என் வீட்டிலிருந்து பைக்கில் ஒன்றரை மணி நேரம். மழையோ பனிமூட்டமோ மே மாதக் கோடை விழாக் கூட்டமோ சேர்ந்துவிட்டால் கணக்கே கிடையாது. வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் எனக்குத் தோதான நாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக் கம்ப்யூட்டரைக் கவனித்துச் செய்தி அனுப்ப நான் எழுதிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த சின்ன நிரல்) முழுவதும் இந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றித்தான் ஓடுகிறது.

தோட்டத்து ஆபீஸ் அறையில், கணக்கு எழுதும் ரைட்டரின் மேசைக்கு மேலே ஒரு பலகையில், ராஸ்பெரி பை 3 என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 1 ஜிபி மெமரி, 32 ஜிபி எஸ்டி கார்டு. காப்பி காயும் களத்துக்கு ஒரு கேமரா, கிடங்கு வாசலுக்கு ஒரு கேமரா. ஏதாவது அசைந்தால் படம் எடுத்து வைக்கும். மழைமானி ஒன்றும் அதோடு சேர்த்திருக்கிறேன். ரைட்டர் ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் ஃபைலும் அதில்தான். மின்சாரம் போனால் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தாங்கும்.

போன அறுவடையின் போது கிடங்கில் மூட்டைக் கணக்கு இடித்தது. கேமராவைப் பார்க்கலாம் என்று போனால் 9 நாளாகப் பதிவே இல்லை. கார்டு நிறைந்துவிட்டது. (மூட்டை எங்கும் போகவில்லை, எண்ணியதுதான் தப்பு. அது வேறு கதை.) எனக்கு எரிச்சல் என்னவென்றால், எச்சரிக்கை வந்திருந்தது. "டிஸ்க் 90 சதவீதம்" என்று திங்கட்கிழமையே செய்தி வந்தது. இன்னும் 10 சதவீதம் இருக்கிறதே, ஞாயிறு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். புதன்கிழமையே நிறைந்துவிட்டது. அந்த ஞாயிறு வீட்டில் ஒரு விசேஷம், போகவில்லை.

90 சதவீதம் என்றால் எனக்கு என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு 1 சதவீதம் ஏறினால் 10 நாள் இருக்கிறது, 5 சதவீதம் ஏறினால் 2 நாள்தான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வருகிற ஞாயிறு வரை தாங்குமா? அதற்கடுத்த ஞாயிறு வரை தாங்குமா? இதற்குப் பதில் சொல்ல ஒரு சின்ன நிரல் போதும் என்று தோன்றியது.

ஆபீஸில் நாங்கள் பயன்படுத்துவது போன்ற பெரிய கண்காணிப்பு மென்பொருளை இதில் ஏற்றிப் பார்க்காமல் இல்லை. கண்காணிக்கிறவன் சாப்பிட்டது போக கண்காணிக்கப்படுகிறவனுக்கு மெமரி மிஞ்சவில்லை. சரி, ஷெல் ஸ்கிரிப்டே போதும் என்று இறங்கினேன்.

முதல் வடிவம் ஒரு சனிக்கிழமை ராத்திரியில் முடிந்தது. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டிவிடும் கிரான் இதை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும். ஓடும்போதெல்லாம் ஒரு வரி: நேரம், டிஸ்க்கில் மிச்சம், மெமரியில் மிச்சம், சூடு, பேட்டரி வோல்டேஜ். ஒரு வரிக்கு 40 பைட் என்று வைத்தால் நாளைக்கு 288 வரி, சுமார் 11 கேபி. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 4 எம்பியைச் சற்றே தாண்டும். கணிப்புக்கு நான் பார்ப்பது கடைசி 7 நாள், அதாவது 2016 வரி மட்டும்.

ஓடியது, ஆனால் ஒருமுறை ஓட 2 நொடிக்கு மேல் எடுத்தது. காரணம் என் எழுத்துப் பழக்கம். மெமரி எவ்வளவு மிச்சம் என்று அறிய கேட், கிரெப், ஆக், கட் என்ற கட்டளைகள் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டால் தனியாக ஓடும் ஒரு புதிய ப்ராசஸ் கிளம்பும், அதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தகவல் ப்ராக் என்ற அடைவில் (ஃபோல்டரில்) வெறும் கோப்பாகவே இருக்கிறது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் ரீட் கட்டளை அதை நேராக வாசித்துவிடும். சூடும் அப்படித்தான், சிஸ் அடைவில் ஒரு கோப்பு; 48312 என்று இருந்தால் 48.3 டிகிரி. இப்படி மாற்றி மாற்றி அரை நொடிக்கும் கீழே கொண்டுவந்தேன். ஒரு சின்னக் குறிப்பு: மெமரி கோப்பில் "ஃப்ரீ" என்ற வரியைப் பார்த்துப் பதறாதீர்கள். பெட்டியை இயக்கும் லினக்ஸ் சும்மா இருக்கும் மெமரியையெல்லாம் கேஷுக்கு (வேகத்துக்காக வைத்துக்கொள்ளும் தற்காலிக நகலுக்கு) எடுத்துக்கொள்ளும், அதனால் அது எப்போதும் குறைவாகவே தெரியும். "அவைலபிள்" என்ற வரிதான் நிஜ நிலவரம்.

சூட்டுக்கு நான் வைத்த எல்லை முதல் வாரமே பல்லிளித்தது. ஏப்ரல் மாதம் சேலத்தில் என் மேசையில் வைத்து ஓட்டியபோது 66 டிகிரி காட்டியது, அதனால் 75க்கு மணி அடி என்று வைத்தேன். மலைக்கு மேலே அதே பெட்டி 44ல் குளுகுளுவென்று இருக்கிறது. அங்கே 60 தொட்டாலே ஏதோ கோளாறு என்று அர்த்தம், ஸ்கிரிப்ட் வாயே திறக்காது. எல்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வழக்கமான சூடு எவ்வளவு என்று அதுவே கற்றுக்கொள்ளும்படி செய்தேன். பழைய சராசரியோடு, புதிய அளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் 16ல் ஒரு பங்கைக் கூட்டினால் புதிய சராசரி. ஷெல்லுக்குத் தசமம் தெரியாது, முழு எண்தான். ஆனால் சூட்டை ஆயிரத்தில் ஒரு பங்காகத் தருவதால் அது தடையில்லை. வழக்கத்தைவிட 8 டிகிரி தாண்டினால் செய்தி. ஒரே ஒரு முறை வந்தது. யாரோ ஈரச் சாக்கைக் காயவைக்க அந்தப் பலகையில் போட்டிருந்தார்கள்.

இனி, என்னை மூன்று வாரம் அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன்.

பதிவுக் கோப்பில் தினமும் ஒரு ஓட்டை. காலை 7.55க்கு ஒரு வரி இருக்கும், அடுத்த வரி 10.00க்கு. நடுவில் ஒன்றுமில்லை. நாள் தவறாமல் இப்படித்தான். ஒருமுறை பெட்டி நின்று கிளம்பியதா என்று பார்த்தேன், இல்லை, 20 நாளாக நிற்காமல் ஓடுகிறது. கேமரா படங்கள் அந்த நேரத்திலும் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் மட்டும் காலை ஷிப்டுக்கு லீவு போடுகிறது.

மாமாவிடம் கேட்டேன், காலை 8 மணிக்கு அங்கே என்ன நடக்கும் என்று. மேஸ்திரி வந்து கிணற்று மோட்டாரைப் போடுவாராம், மேல்தொட்டி நிறைந்ததும் 10 மணி வாக்கில் நிறுத்துவாராம். எனக்குப் பல்பு எரிந்தது. மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் விழுகிறது, பை தடுமாறுகிறது, அவ்வளவுதான்! புது அடாப்டர் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் போதாமல், எலக்ட்ரீசியன் அண்ணனை வரவழைத்து ஆபீஸ் அறைக்குத் தனி லைன் இழுக்க வைத்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மோட்டாரு மேல பழி போடாத மாப்ள. அது உன்னவிட வயசுல மூத்தது" என்றார்.

அடுத்த நாள் காலை, 7.55க்கு ஒரு வரி. அப்புறம் 10.00.

வோல்டேஜ் குறைந்ததா என்று பையிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. கிளம்பியதிலிருந்து ஒருமுறை குறைந்திருந்தாலும் ஞாபகம் வைத்திருந்து சொல்லும். அதை நான் முதல் நாளே ஓட்டிப் பார்த்தேன், பூஜ்யம் என்றது. நம்பவில்லை. கண்ணுக்கு எதிரே இருந்த சாட்சியை விட்டுவிட்டு மோட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

உண்மை இதுதான். ராத்திரியா பகலா என்று தெரிந்துகொள்ள மணியை எடுத்து 60 ஆல் பெருக்கி நிமிடத்தைக் கூட்டியிருந்தேன். டேட் கட்டளை மணியை இரண்டு இலக்கமாகத் தரும்: 07, 08, 09, 10. ஷெல் கணக்குப் போடும்போது எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை எட்டின் அடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். அந்த எண் முறையில் 0 முதல் 7 வரைதான் இலக்கம். 07 வரை பிரச்சினையில்லை. 08 என்றால் "இப்படி ஒரு எண்ணே கிடையாது" என்று சொல்லிச் செத்துவிடும். 09ம் அப்படியே. 10க்கு முன்னால் பூஜ்யம் இல்லை, பிழைத்துக்கொள்ளும். காலை 8 முதல் 10 வரை, மோட்டார் ஓடும் அதே இரண்டு மணி நேரம்!

நிமிடத்திலும் 08, 09 வருமே, அப்போது ஏன் சாகவில்லை என்று கேட்கலாம். என் கிரான் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. 00, 05, 10, 15 என்றே வரும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டியிருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே மாட்டியிருக்கும். ஞாயிறுகளில் நான் மேலே போய்ச் சேர்வதே 11 மணிக்கு, கையால் ஓட்டிப் பார்த்த போதெல்லாம் ஒழுங்காக ஓடியது. பிழைச் செய்தியைக் கிரான் மெயிலாக அனுப்பப் பார்க்கும். பெட்டியில் மெயில் வசதி கிடையாது, அதனால் தூக்கி எறிந்துவிட்டது. திருத்தம் மூன்றே எழுத்து: எண்ணுக்கு முன்னால் 10# என்று போட்டால் பேஷ் (நான் பயன்படுத்தும் ஷெல்) அதைப் பத்தின் அடிமானமாகவே எடுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஸ்கிரிப்டின் பிழையெல்லாம் தனிக் கோப்புக்குப் போகிறது. அந்தக் கோப்பு காலியாக இல்லாவிட்டால் அதுவே ஒரு செய்தி.

தனி லைன் இழுத்த செலவை மாமா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

சரி, கணிப்புக்கு வருவோம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பதிவான புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமான ஒரு நேர்கோடு போட வேண்டும். அந்தக் கோடு பூஜ்யத்தைத் தொடும் நாள்தான் விடை. இதற்குப் பெயர் மீச்சிறு வர்க்க முறை. 1805ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாண்டர் இதை வெளியிட்டார். சேலம் கலெக்டர் காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பி கொண்டுவந்தது 1820களில். ஆக, இந்தத் தோட்டத்துக் காப்பியைவிட என் சூத்திரத்துக்கு வயது அதிகம். போட்டுப் பார்க்கும் கருவியும் ஒன்றும் இளமையானதல்ல. ஆக் 1977ல் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் பிறந்தது. தசமக் கணக்குத் தெரிந்த ஆள் என்பதால் ஷெல்லுக்குப் பக்கத்தில் இவர் இருந்தாக வேண்டும்.

ஐந்து கூட்டுத்தொகை போதும்: எத்தனை வரி, நேரங்களின் கூட்டு, அளவுகளின் கூட்டு, இரண்டையும் பெருக்கியதன் கூட்டு, நேரத்தின் வர்க்கத்தின் கூட்டு. ஆக்கில் ஐந்தாறு வரி. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நேரத்தை 1970லிருந்து எண்ணிய நொடியாக அப்படியே எடுத்தால் அது 170 கோடிக்கு மேல். வர்க்கப்படுத்தினால் 19 இலக்கம். ஆக் துல்லியமாகப் பிடித்து வைப்பது 15, 16 இலக்கம்தான், மிச்சம் உதிர்ந்துவிடும். ஒரு மணி நேரம் போன்ற குறுகிய அளவில் பார்க்கும்போது இந்த உதிர்வு கோட்டின் சரிவைத் தள்ளாட வைக்கும். முதல் வரியின் நேரத்தை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டால் தீர்ந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், கோடு எத்தனை நாளுக்குப் போடுவது என்பது. 7 நாளுக்குப் போட்டால் நிதானமான விடை வரும், ஆனால் நேற்று நடந்த மாற்றம் அதில் முங்கிப்போகும். 1 நாளுக்குப் போட்டால் மாற்றம் உடனே தெரியும், ஆனால் காற்றில் ஒரு வாழையிலை ஆடினாலும் உலகம் அழியப் போகிறது என்று கத்தும். நான் இரண்டையும் போடுகிறேன், எது முந்தி முடிகிறதோ அதை நம்புகிறேன். அனாவசியமாக ஒரு முறை ஃபோன் பண்ணுவது எனக்குப் பரவாயில்லை.

விதி இப்படி. டேட் கட்டளை கிழமையை எண்ணாகத் தரும், திங்கள் 1, ஞாயிறு 7. அந்த எண்ணை 7லிருந்து கழித்தால் வருகிற ஞாயிறுக்கு எத்தனை நாள், 14லிருந்து கழித்தால் அதற்கடுத்த ஞாயிறுக்கு எத்தனை நாள் என்று வரும். கணிப்பு அதற்கடுத்த ஞாயிறையும் தாண்டினால் செய்தி இல்லை. இரண்டு ஞாயிறுக்கும் நடுவில் விழுந்தால் "இந்த ஞாயிறு வா" என்று எனக்கு. வருகிற ஞாயிறுக்கும் முன்னால் விழுந்தால் எனக்கும் ரைட்டருக்கும் சேர்த்து. எதை அழிக்கலாம் என்று அவருக்கு ஒரு சீட்டு எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த செய்தி: "டிஸ்க்: மிச்சம் 6.2 ஜிபி. வாரக் கோடு 29 நாள். நாள் கோடு 6 நாள். இந்த ஞாயிறு வா." வாரக் கணக்கில் நாளைக்கு 210 எம்பி போய்க்கொண்டிருந்தது, கடைசி 24 மணி நேரத்தில் மட்டும் 900 எம்பி. வழக்கமாக நான் பனிமூட்டத்தைத்தான் சந்தேகிப்பேன். மூட்டம் கேமராவுக்கு முன் நகர்ந்தால் அதுவும் அசைவுதான். ஆனால் மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இரவு 7 முதல் விடியற்காலை 5 வரைதான் ஏறியிருந்தது, பகலில் வழக்கம்போல். கிடங்குக் கேமராவின் படம் ஒன்றைத் திறந்தேன். படம் முழுக்க வெள்ளையாக ஒரு இழை. இருட்டில் எரியும் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து லென்சின் மேலேயே வலை கட்டிவிட்டது. காற்றில் வலை ஆட ஆட ராத்திரி முழுக்கப் படம். மேஸ்திரிக்கு ஃபோன் பண்ணி ஒட்டடைக் குச்சியால் துடைக்கச் சொன்னேன். புதன் ராத்திரி நாள் கோடு இயல்புக்குத் திரும்பியது. நான் மலை ஏறவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிந்துவிடவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். தோட்டத்தில் மின்சாரமும் இல்லை, நெட்டும் இல்லை. பேட்டரி தீர்ந்து பெட்டி அணைந்தது. இரண்டு நாள் கழித்து மின்சாரம் வந்து, நெட் வருவதற்கு முன்பே பெட்டி கிளம்பிவிட்டது. பை 3ல் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. கடைசியாகக் கார்டில் எழுதி வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆக அதைப் பொறுத்தவரை புயலே வரவில்லை. அணைவதற்கு அரை மணிக்கு முந்தைய நேரத்தைப் போட்டு மறுபடி வரி எழுத ஆரம்பித்தது. அப்புறம் நெட் வந்ததும் ஒரே தாவலில் இரண்டு நாள் முன்னே போனது. பின்னால் போய் முன்னால் தாவிய இந்த வரிகளுக்கு நடுவே என் ஸ்கிரிப்ட் நேர்கோடு போட்டுப் பார்த்து ஒரு செய்தி அனுப்பியது: "டிஸ்க் நிறைய இன்னும் -3 நாள்." மூன்று நாளுக்கு முன்பே நிறைந்துவிட்டதாம்!

இதற்கு மூன்று வேலை செய்தேன். பெட்டி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு புதிய அடையாள எண் போடும், அதன் முதல் சில எழுத்துகளை ஒவ்வொரு வரியிலும் சேர்த்தேன். எங்கே நின்று கிளம்பியது என்று கோப்பைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, நெட்டிலிருந்து நேரம் சரிபார்க்கப்பட்டால், பெட்டியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கும். அது இருந்தால் மட்டும் கணிப்பு, இல்லாவிட்டால் "நேரம் தெரியவில்லை" என்று குறித்துவிட்டுப் பதிவு மட்டும். மூன்றாவது, டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை நாணய பேட்டரியோடு வாங்கிச் சொருகினேன். மூன்றாவதை முதலில் செய்திருந்தால் மற்ற இரண்டும் தேவைப்பட்டிருக்காது என்று சொல்வார்கள். நாணய பேட்டரியும் ஒருநாள் தீரும், அப்போது அந்த இரண்டும் கைகொடுக்கும்.

அடுத்தது, எனக்கு வெட்கமான கதை. ஒரு நாள் காலை 6.30 செய்தி வரவில்லை. தினமும் காலையில் நலமாக இருக்கிறேன் என்று டெலிகிராமில் ஒரு வரி வரும். அது வராவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். ரைட்டரைக் கூப்பிட்டேன்.

"பெட்டி லைட்டு எரியுதுங்களா?"

"எரியுதுங்க தம்பி. ஆனா செக்ரோல் தொறக்க மாட்டேங்குது. மவுசு நகர மாட்டேங்குது."

ஞாயிறு போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முந்தைய ராத்திரி 10 மணியிலிருந்து மலையில் நெட் அரைகுறையாக இருந்திருக்கிறது. இணைப்பு கிடைக்கிறது, பதில் மட்டும் வரவில்லை. செய்தி அனுப்பும் கர்ல் கட்டளைக்கு இணைப்புக் கிடைப்பதற்குத்தான் இயல்பாக 5 நிமிடக் கெடு உண்டு. கிடைத்த பிறகு எதிர்முனை வாய் திறக்காவிட்டால் நாம் கெடு சொல்லாதவரை அது காத்துக்கொண்டே இருக்கும். அது காத்திருக்க, 5 நிமிடம் கழித்துக் கிரான் அடுத்த ஸ்கிரிப்டை ஓட்ட, அதுவும் காத்திருக்க... 10 மணியிலிருந்து காலை 6 வரை 96 ஸ்கிரிப்டும் அவற்றின் கீழே 96 கர்லும். மெமரியெல்லாம் அவர்களுக்கே போய்விட்டது. பெட்டிக்கு அன்று வந்த ஒரே நோய் அதன் காவல்காரன்தான்.

இப்போது கர்லுக்கு 20 நொடி கெடு. ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே எஃப்லாக் கட்டளையை வைத்து ஒரு பூட்டுப் போடும், பூட்டு ஏற்கெனவே இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போன எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளும். தான் ஓட எடுத்த நேரத்தையும் அதே பதிவு வரியில் எழுதுகிறது. டிஸ்க்குக்குப் போடும் அதே கோட்டை அதற்கும் போடுகிறது. தன் மூச்சு வாங்குகிறதா என்று தானே பார்த்துக்கொள்ளட்டும். முழுப் பெட்டியும் உறைந்துபோனால் என்ன செய்வது? பையின் சில்லுக்குள்ளேயே ஒரு வாட்ச்டாக் இருக்கிறது. 15 நொடிக்குள் யாரும் தட்டிக்கொடுக்காவிட்டால் பெட்டியை மறுபடி கிளப்பிவிடும். தட்டிக்கொடுக்கும் வேலையைச் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்தேன், அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி.

பேட்டரிக்கு மட்டும் நேர்கோடு உதவவில்லை. வோல்டேஜை அளக்க ஐஎன்ஏ219 சில்லு. கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது, மில்லிவோல்ட்டாக ஒரு கோப்பில் வாசிக்கலாம். (அந்தக் கோப்பு இருக்கும் அடைவின் எண் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மாறலாம். 0 என்று எழுதி வைத்தால் ஒருநாள் வேறு சில்லின் அடைவில் போய் நிற்கும். பெயர்க் கோப்பைப் பார்த்துத் தேட வேண்டும்.) ஈய அமில பேட்டரி நிறைந்து ஓய்வாக இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். சுமை ஏறியதும் கொஞ்சம் விழும், பிறகு நீண்ட நேரம் மெதுவாகத்தான் இறங்கும், கடைசியில் மலைச்சரிவு மாதிரி ஒரேயடியாக விழும். நடுவில் கோடு போட்டால் இன்னும் 9 மணி நேரம் என்று சொல்லும், நாலு மணி நேரத்தில் பெட்டி அணைந்துவிடும். அதனால் சூத்திரத்தை விட்டுவிட்டு ஞாபகத்துக்குப் போனேன். மின்சாரம் போகும் ஒவ்வொரு தடவையும் எந்த வோல்டேஜுக்குப் பிறகு எத்தனை நிமிடம் தாங்கியது என்று ஒரு அட்டவணை தானாகவே சேர்கிறது. அடுத்த தடவை 12.1 வோல்ட் என்றால், போன மூன்று தடவை 12.1லிருந்து எத்தனை நிமிடம் தாங்கியது என்று பார்த்து, அதில் குறைந்ததைச் சொல்லும். பேட்டரி கிழடாக ஆக அட்டவணையும் அதோடு சேர்ந்து கிழடாகும். 20 நிமிடம்தான் மிச்சம் என்றால் கேமராவை நிறுத்திவிட்டுப் பெட்டியை முறையாக அணைத்துவிடும். பாதி எழுதும்போது மின்சாரம் போவதுதான் எஸ்டி கார்டுக்கு எமன்.

தமிழில் செய்தி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திகளை நேராக அடுக்க பிரின்ட்எஃப் கட்டளையில் அகலம் கொடுத்தால் பேஷ் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் "டி" என்பது ட, அதன் இகரக் குறி என்று இரண்டு குறியீடு, மொத்தம் 6 பைட். "டிஸ்க்", "பேட்டரி" இரண்டும் ஒருநாளும் ஒரே நேரில் நிற்காது. செய்தியை நீளம் பார்த்து வெட்டினாலும் எழுத்தின் நடுவில் கத்தி விழுந்து, கடைசியில் ஒரு கட்டம் மட்டும் வரும். நான் அடுக்குவதை விட்டுவிட்டு முக்காற்புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன்.

எஸ்டி கார்டு எப்போது சாகும் என்று மட்டும் என்னால் கணிக்க முடியவில்லை. அது தன் உடல்நிலையைப் பற்றி வாய் திறக்காத ஜாதி, நேற்று வரை எழுதும், இன்று எழுதாது. எழுத்தைக் குறைக்கலாம். 5 நிமிட வரிகளை மெமரியிலேயே வைத்து, மணிக்கு ஒருமுறை மொத்தமாகக் கார்டில் இறக்குகிறேன். அணைக்கும்போதும் ஒருமுறை. மற்றபடி, அப்படியே நகல் எடுத்த இன்னொரு கார்டு ரைட்டர் மேசை இழுப்பறையில், மிளகு நிறுத்துப் பார்க்கும் படிக்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. அதன் மேல் மாமா "கம்ப்யூட்டர், தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். என்றைக்கு எடுத்த நகல் என்று எழுதவில்லை. அடுத்த தடவை போகும்போது எழுத வேண்டும்.